சீட்டு இல்லாத வண்டி

முழங்காலில் ரத்தம் வழிய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள் இலக்கியா.

“இன்னா ஆச்சு?” என்று ஓடி வந்தான் அவள் கணவன் தமிழரசன்.

“பிரேக்கே புடிக்கல. தியாகதுருகம் கோட்டைப் படியில எகிறி நின்னேன், அப்டியே வழுக்கிக்கினு வந்துட்டேன். ரிம்முல நான் பூசின தாரை யாரோ எடுத்துட்டு எண்ணெய் தடவி வச்சிருக்காங்க!”

படி, மதில் என்று காலை ஊன்றாமல் தாவி ஏறுவதற்காகவே, ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, உட்காரச் சீட்டு வைக்காமல் அவளே பூட்டிய சைக்கிள் அது. பிரேக் கட்டை கவ்விப் பிடிக்கத்தான் ரிம்மில் தார்.

“காலையில அப்பாதான் அதாண்ட உக்காந்துகினு இருந்தாரு...” என்று இழுத்தான் தமிழரசன்.

அவளுக்குச் சுருக்கென்றது. ‘சீட்டு இல்லாததெல்லாம் ஒரு வண்டியா?’ என்று மாமனார் தங்கதுரை முகம் சுளிக்காத நாளில்லை.

சைக்கிளோடு கொல்லைக்குப் போனாள். டிராக்டர் பக்கம் திரும்பி நின்றிருந்தார் அவர்.

“நான் வுழுந்து கால ஒடச்சிக்கினா உங்களுக்கு நிம்மதியா மாமா? புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. திருட்டுத்தனமா எதுக்கு இந்த வேல?”

தங்கதுரை திரும்பினார். கையில் சந்தனக் கிண்ணம். பின்னால் டிராக்டரும் மண்வெட்டியும் பொட்டும் பூவுமாக இருந்தன.

“வுழுந்துட்டியாம்மா?” குனிந்து அவள் முழங்காலைப் பார்த்தார். “ஆயுத பூஜையாச்சேன்னு நம்ம வூட்டு வண்டியெல்லாம் தொடச்சேன். உன் சக்கரத்துல ரோட்டுத் தார் ஒட்டிக்கினு இருந்துது. மண்ணெண்ணெயில எடுத்துட்டு, தேங்காண்ண போட்டுப் பளபளன்னு ஆக்கினேன். பொட்டு வைக்கத்தான் சீட்டு இல்ல. எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள நீ எடுத்துக்கினு போயிட்ட.”

இலக்கியா சைக்கிளின் ஹேண்டிலைச் சந்தனக் கிண்ணத்தின் பக்கம் திருப்பினாள்.