பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால்

வெள்ளிக்கிழமை பகல். சவுதியின் ஜுபைலில், சேதுமாதவன் குடியிருப்பின் ஹாலில் கனத்த பச்சைத் திரைச்சீலை வெயிலை மறித்துத் தொங்குகிறது. சர்ச் கட்ட அனுமதியில்லாத ஊர் இது. உடன் வேலை பார்த்த அமெரிக்கன் க்ளென், யார் கண்ணிலும் படாமல் ஜெபிக்க இடமில்லையே என்று தவித்தபோது சேதுமாதவன் வாங்கி மாட்டியது அந்தத் திரைச்சீலை. ஏழு வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல், இதே சோபாவில் க்ளென் பைபிளை விரித்தான்; ஜெபம் முடிந்ததும் சேதுமாதவனின் மனைவி சுசீலா சுட்ட தோசையைக் கையாலேயே பிய்த்துத் தின்றான். போன வருடம் டெக்சாஸுக்குத் திரும்பிவிட்டான். இப்போது சேதுமாதவனின் போனில் க்ளெனின் ஊர்க் கூட்டம் வீடியோவாக ஓடுகிறது. அங்கே பிள்ளையார் கோயில் கட்ட நம்மவர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். மைக் முன்னால் க்ளென் நிற்கிறான். "இது கிறிஸ்தவ நாடு. பொய்த் தெய்வங்களுக்கு இங்கே இடம் கொடுக்காதீர்கள்" என்கிறான். கைதட்டல் எழுகிறது. சேதுமாதவனின் கட்டைவிரல் போன்மேல் அசையாமல் கிடக்கிறது. க்ளென் கண்களை மூடி, அதே தணிந்த குரலில் ஜெபிக்கத் தொடங்குகிறான். சமையலறையில் இத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்த மிக்ஸி நிற்கிறது. "ஏங்க, க்ளென் அண்ணன் குரலா அது? தோசை ஞாபகம் வந்துடுச்சாமா?" ஜெபம் முடிகிறது. ஏழு வருடப் பழக்கத்தில், அடுப்படியிலிருந்தே சுசீலா சொல்கிறாள்: "ஆமென்."