நாலு மணி அளவு

கல்பாத்தி வீட்டில் உட்கார்ந்தபடியே, மூடிவிட்ட ஒரு நடுக்கடல் எண்ணெய்க் கிணற்று மேடையின் கருவி அளவுகளைத் திரையில் பார்ப்பது பொறியாளர் மாதுரியின் வேலை. அங்கே ஆளில்லாமல் இரண்டு வருடமாகிறது. ஐந்தாம் குழாயின் பழைய பிரஷர் கேஜில் முள் சிக்கும். யாராவது ஏணியேறிப் போய், கண்ணாடியைத் தட்டிப் பார்த்து எழுதினால்தான் உண்டு. அப்படி எழுதிவந்த அவள் கணவன் அமர்நாத்தை, அங்கே ஆள் இருந்த கடைசி மாதத்தில் கடல் கொண்டுபோயிற்று. ஆனாலும் தினமும் நாலு மணிக்குத் திரையில் நாற்பத்திரண்டு என்று விழுகிறது.

அழுத்தம் பூஜ்யமானால்தான் குழாயை வெட்டலாம். அதற்கு மாதுரி கையெழுத்திட வேண்டும். வெட்டிவிட்டால் நாலு மணி அளவும் நின்றுவிடும்.

இன்று பூஜ்யம் விழுந்தது. பக்கத்தில் ஒரு வரி: "தட்டிப் பாத்தாச்சு மாது. கையெழுத்துப் போட்டுடு."

மாமியார் அகிலாண்டம் காப்பியை வைத்துவிட்டு எப்போதும் போலக் கேட்டாள். "இன்னிக்கு அமர் என்னடி எழுதியிருக்கான்?"

மாதுரி லேப்டாப்பை மூடினாள். "நாப்பத்திரெண்டுதாம்மா."