ஜெயித்ததால் வந்த கோபம்

கூடைப்பந்துத் தொடரில் முயல் அணியைச் சாய்த்துக் குரங்கு அணி அரையிறுதிக்குப் போய்விட்டது. குரங்குகள் தங்கள் கோச் ஆமையைச் சுற்றிச் சுற்றிக் குதித்தன. மைதானத்து விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கைக்கோ, குரங்கு அணியின் பரம ரசிகனாக இருந்தும், வயிறு பற்றி எரிந்தது.

"டைம் அவுட்டைக் கேட்காம முட்டை மாதிரி அடைகாக்குறான். நல்லா ஆடுற நெட்டைக் குரங்கை பெஞ்சுல உட்கார வைக்கிறான். இவனெல்லாம் ஒரு கோச்சா?"

"அதான் ஜெயிச்சுட்டோமே அண்ணே," என்றது பக்கத்திலிருந்த மைனா.

"அது பசங்க திறமைடா! அதோட, நான் இந்தக் கம்பத்தை விட்டு ஒரு ஆட்டத்துக்காவது நகர்ந்தேனா?"

"அப்போ நடுவுல தோத்த ரெண்டு ஆட்டம்?"

"அது அந்த ஆமையாலதான்!" காக்கை கம்பத்தை நங்கென்று கொத்தியது. "தொடர் முழுக்க 'கோச்சை மாத்து, கோச்சை மாத்து'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். இப்படி ஜெயிச்சுத் தொலைச்சா, இனி எவன் மாத்துவான்?"

மைனா கொஞ்சம் யோசித்தது.

"அரையிறுதியில தோத்தா மாத்திடுவாங்க அண்ணே."

காக்கையின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது.

"தோத்துருவோமா?" என்று ஆசையாகக் கேட்டது.