விரதப் புலி

"என்ன வியாதின்னு மட்டும் கேக்கப்படாது, கேட்டியா? சொல்லப்படாதுன்னு நேக்கு ஆர்டர்" என்று கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார் ஸ்ரீகண்டன்.

ஷிஜிக்குச் சிரிப்பு வரவில்லை. திருவனந்தபுரத்தில் அவள் படிக்கும் மருத்துவக் கல்லூரியில் அன்று மாதிரித் தேர்வு. ஆளுக்கொரு நோயாளி. பேசி, தொட்டுப் பார்த்து, நோய் என்னவென்று சொல்ல வேண்டும். போன முறை கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் விட்டால் இறுதித் தேர்வில் உட்கார முடியாது. போதாக்குறைக்குத் தேர்வாளர் டாக்டர் ஸ்ரீப்ரியா. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாலே மாணவர்களுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகும்.

"என்ன செய்யுது அங்கிள்?"

"வயிறு கல்லாட்டமா இருக்கு. ரெண்டு பிடி சாதம் உள்ள போனா போறும், கல்யாணப் பந்தியில சாப்பிட்ட மாதிரி ஆயிடறது."

"சுகர் உண்டா?"

"வெகு வருஷமா உண்டு. ஆனா நான் கட்டுப்பாடான ஆளாக்கும்! ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி, சனிக்கிழமை, ஒண்ணையும் விடமாட்டேன். நாங்க இருக்கற ஸ்ரீவராகத்துல யாரை வேணும்னாலும் கேளு. தெருவுல நேக்கு விரதப் புலின்னே பேரு."

ஷிஜி வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பிடி கிடைக்கவில்லை. அல்சர் என்று எழுதி அடித்தாள். பித்தப்பைக் கல் என்று எழுதி அதையும் அடித்தாள். பட்டினி கிடந்து வந்த வயிற்றுக் கோளாறு என்றே எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தபோதுதான், பாறசாலையில் இருக்கும் அம்மா ஞானபாயின் நினைவு வந்தது.

"அங்கிள், எங்க அம்மை வெள்ளிக்கிழமை சர்ச்சுல உபவாச ஜெபம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, கப்பக்கிழங்கும் மீனும் சட்டியோட காலி. கிட்டப் போக முடியாது. விரதம் முடிஞ்சா நீங்க எவ்வளவு சாப்பிடுவீங்க?"

ஸ்ரீகண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பவும் ரெண்டு பிடிதான்."

"பசிக்காதா?"

"பசியா? அதைப் பாத்தே ரொம்ப நாளாச்சு கொழந்தே. வேண்டாம்னு கையை ஒதறினா ஆத்துக்காரி மங்கலத்துக்கு மூஞ்சி வாடிப்போகும். விரதம்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டா."

ஷிஜிக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறியது. "வாந்தி உண்டா?"

"காலம்பற வரும். ராத்திரி சாப்பிட்டது அப்படியே."

"இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட பிறகும் வேர்த்துக் கொட்டுமா?"

"கொட்டும். கையெல்லாம் நடுங்கும்."

டாக்டர் ஸ்ரீப்ரியா வந்து நின்றார். "ம், சொல்லு."

"நாள்பட்ட சுகரால இவர் வயித்து நரம்பு கெட்டுப்போயிருக்கு மேடம். சாப்பாடு இறங்காம இரைப்பையிலேயே தங்குது. காஸ்ட்ரோபரேசிஸ். சாப்பாடு இறங்குறதுக்குள்ள இன்சுலின் வேலை செய்யுறதால சுகர் தாழுது. டெஸ்ட் எடுத்து உறுதி செய்யணும்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "விரதத்தால பசி போகலை மேடம். பசி போனதாலதான் விரதம்."

"விரதத்தைச் சந்தேகப்படணும்னு யார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்க அம்மைதான் மேடம்!" ஷிஜியின் தலை தானாக நிமிர்ந்தது. அம்மாவை நினைத்து அவள் அத்தனை பெருமைப்பட்டது அன்றுதான்.

"பாஸ்" என்றார் ஸ்ரீப்ரியா. "தினமும் இவர் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு டாக்டருக்கே இதைக் கேட்கத் தோணலை. வாயுவுக்கு மருந்து கொடுத்துட்டு, இவர் விரதத்தைப் பத்தி ஊரெல்லாம் பீத்திக்கிட்டா."

ஸ்ரீகண்டனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவளைக் குறை சொன்னா நேக்குப் பிடிக்காது! கடைசியில கண்டுபிடிச்சது அவதானே? மத்தவாளும் இப்படி ஏமாறப்படாதுன்னு, தான் கோட்டை விட்டதையே பரீட்சைக் கேள்வியா வெக்கற மனசு லோகத்துல வேற யாருக்கு வரும்?"

"போறும், அப்பா! ஸ்டூடண்ட்ஸ் முன்னாடி மானத்தை வாங்காதே" என்று முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார் டாக்டர் ஸ்ரீப்ரியா.