சிவப்புக் கட்டை

பெடல் வாங்கியாயிற்று. கட்டைதான் பாக்கி.

இடது உள்ளங்கையில் சிவப்பு. வலது உள்ளங்கையில் மஞ்சள். சைக்கிள் கடையில் அரை மணி நேரமாக அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

ஷூவுக்கு அடியில் திருகும் பிளாஸ்டிக் கட்டை அது. மிதித்தால் 'டக்'கென்று பெடலில் பூட்டிக்கொள்ளும். சிவப்பு போட்டால் கால் இம்மியும் அசையாது. மஞ்சள் போட்டால் குதிகால் கொஞ்சம் ஆடும். ஆடினால் முட்டி பிழைக்கும்.

"உங்க முட்டிக்கு மஞ்சள்தானுங்க," என்றார் கடைக்காரர்.

டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை முட்டி வீங்கினால் சைக்கிளை விற்றுவிடச் சொல்லியிருந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் மற்ற பத்துப் பேரும் சிவப்பு.

மஞ்சள் போட்டு வந்த ஒரே ஆசாமி ஒரு ரிட்டையர்டு தாசில்தார். மூன்றாவது வாரமே வாக்கிங்குக்கு மாறிவிட்டார். மாற்றிவிட்டார்கள் என்பதுதான் சரி. குழுவின் கேப்டன் கனகசபாபதி ஒருநாளும் தாசில்தாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'மஞ்சளு' என்றே கூப்பிட்டார்.

"முட்டி வலியெல்லாம் மனசு பண்ற வேலைங்க" என்பது கேப்டனின் கட்சி. அறுபத்திரண்டு வயதில் எல்லோருக்கும் முன்னால் பறக்கிற மனிதர் சொன்னால் யார் மறுப்பது?

இவருக்கோ முட்டியும் வேண்டும், மானமும் வேண்டும்.

மஞ்சளை வாங்கினார்.

மதியம் மனைவியின் நெயில் பாலிஷோடு பால்கனியில் உட்கார்ந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், இரண்டு கட்டைக்கும் பூசினார். அசல் சிவப்பு தோற்றது போங்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு நாளாவது போட்டு உட்டிருக்கீங்களா?"

அவர் குனிந்து கட்டையை ஊதி ஊதிக் காயவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சிறுவாணி சாலை. இருபது கிலோமீட்டர் போயும் முட்டி மூச்சு விடவில்லை. சந்தோஷம் தாங்காமல் கேப்டனுக்குச் சரிசமமாக மிதித்தார்.

டீக்கடையிலும் கேப்டனுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தார். உட்கார்ந்த ஜோரில் கால்மேல் கால் போட்டார்.

அதுதான் தப்பு.

கடை வாசல் முழுக்க ஜல்லி. அதில் நடந்து வந்த பத்தடிக்குள் பாலிஷ் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. காலை வெயிலில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

கேப்டனின் பார்வை அதன்மேல் விழுந்தது.

அங்கேயே நின்றது.

காலை இறக்கலாம். இறக்கினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஐம்பத்து மூன்று வயதில், காப்பியடித்து மாட்டிய பையனைப் போல அவருக்குக் காது சுட்டது.

மற்றவர்கள் பஜ்ஜிக்குச் சட்னி போதவில்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் டம்ளரை வைத்தார். மெல்ல இவர் பக்கம் சாய்ந்தார்.

"ஒரு கோட்டிங் நிக்காதுங்க. மூணு அடிக்கோணும்."

அவ்வளவுதான். அடுத்த நொடி, "கெளம்பலாமா!" என்று கடையே அதிரக் குரல் கொடுத்தார்.

எழும்போது பெஞ்சை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.