சும்மா கிடைத்த கேரட்

பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்த மறுநாள், மகள் வெளிக்குப் போனதில் நெளிந்த சாண் நீளப் புழுவைப் பார்த்ததும் லாரிக்காரன் கத்தினான்.

"கருமம்! எல்லாம் அந்த ஸ்கூல் சோறு. வாத்தியாரை இன்னைக்கு உண்டு இல்லைன்னு ஆக்குறேன்."

"சும்மா குதிக்காதீங்க. அங்க அவ ஒரு பருக்கை தொடமாட்டா," என்றாள் மனைவி.

"அப்போ கழுவாம எதையோ தின்னிருக்கா. மாத்திரை குடுத்த நர்ஸு அப்படித்தான் சொல்லுச்சாம்."

"தின்னா கேரட்டுதான். ஸ்கூலுக்குப் போற வழியில தோட்டக்காரரு பிடுங்கின கையோட குடுப்பாரு. சட்டையில துடைச்சுக் கடிச்சுக்குவா. அவகிட்ட மட்டும் காசே வாங்கமாட்டாரு."

"ஏனாம்?"

"நீங்க தினம் உரம் கொண்டாந்து தர்றீங்களாமே! 'அண்ணன் புண்ணியத்துலதான் தோட்டம் இப்படிச் செழிக்குது'ன்னு ஒரே புகழ்ச்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

லாரிக்காரன் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான். ஊரார் கக்கூஸ் தொட்டிகளை உறிஞ்சியெடுக்கும் லாரி அவனுடையது. ஊருக்கு வெளியே தள்ளிப் போய்க் கொட்டச் சோம்பி, தினமும் அந்தத் தோட்டத்திலேயே குழாயைத் திறந்துவிட்டு வந்துகொண்டிருந்தான்.

"வீட்டுல இருக்கிற கேரட்டையெல்லாம் குப்பையில போடு," என்றான்.

"நல்லாயிருக்கே! ஸ்கூல் பிள்ளைங்க அத்தனையும் அதைத்தான் வாங்கிக் கடிச்சுக்கிட்டுப் போகுதுங்க. அதுங்களுக்கெல்லாம் என்ன வந்துடுச்சாம்?"