மூணு வள்ளம் சாமை

“கல்யாணத்துல பொண்ணுக்குக் குடுத்த பரியம் திரும்பி வரோணுங்க. மூணு வள்ளம் சாமை. அளந்து வாங்குனாத்தான் கையெழுத்துப் போடுவேன்” என்றான் பூபதி.

தாமரைச்செல்விக்குச் சுள்ளென்று வந்தது.

சேந்தமங்கலத்தில் அவள் வக்கீல் போர்டு மாட்டி மூன்று மாதம்தான் ஆகிறது. கோர்ட்டுக்குப் போகாமல், கணவன், மனைவி, இரண்டு பக்க வக்கீல்கள் என்று நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிப் பிரித்துவைக்கிற புது முறை. அதில் இதுதான் அவளுக்கு முதல் கேஸ். பேச்சு முறிந்தால் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். அப்புறம் அவள் கட்சிக்காரி, பூபதியின் மனைவி அம்சவேணி புது வக்கீலைப் பிடித்து, கோர்ட் படிக்கட்டை வருடக்கணக்கில் தேய்க்க வேண்டியதுதான்.

வீடு, நகை, மிளகுத் தோட்டம் எல்லாம் மூன்றே சந்திப்பில் சுமுகமாக முடிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனுசன், கடைசி நாளில் சாமை கேட்கிறான்.

“ஏனுங்க, பொண்ணு என்ன சந்தைச் சரக்கா? குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்க?”

“எங்க மலை முறைங்க.”

“எந்தச் சட்டத்துல இருக்குது?”

பூபதி மேசையைப் பார்த்தான். “ஊர் முன்னால அளக்கோணும். அவ்வளவுதானுங்க.”

“ஊர் முன்னால வேறயா?”

அவனுடைய வக்கீல் தனசேகரன் நாமக்கல்காரர். மலைச் சங்கதி அவருக்கும் தெரியாது. “புடிவாதமா இருக்காருங்க மேடம். ஒத்து வரலீன்னா விலகிக்கலாம்” என்று கையை விரித்தார்.

முதல் கேஸே ஊத்திக்கொள்ளப் போகிறது. போனால் போகட்டும், ஒரு பெண்ணை ஊர் நடுவே நிறுத்தி அவமானப்படுத்த விடுவதா என்று தாமரைச்செல்வி ஃபைலை மூடப் போனாள்.

அம்சவேணி அவள் கையைப் பிடித்தாள். “நான் குடுத்தர்றேனுங்க அக்கா.”

“நீ சும்மா இரு கண்ணு. நாலு வருசம் அடங்கிப் போனது போதாதா?”

“அடங்கியெல்லாம் போகலீங்க. குடுக்கறேன்.”

கட்சிக்காரியே சொன்ன பிறகு வக்கீலுக்கு என்ன பேச்சு? பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் அவர்கள் ஊரான தேவனூர் நாட்டில், கோயில் முன்னால் ஊர் கூடியது. பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறிவந்த தலைசுற்றலோடும் எரிச்சலோடும் தாமரைச்செல்வி ஓரமாக நின்றாள். அம்சவேணி வள்ளத்தில் அள்ளி அள்ளி மூன்று முறை அளந்து போட்டாள். பூபதி துண்டை விரித்து வாங்கிக்கொண்டான்.

ஊர்க்கவுண்டர் காளியண்ணன் எழுந்தார். “பரியம் திரும்பிருச்சு. இனி இந்தப் புள்ள யாரைக் கட்டிக்கிட்டாலும், எங்க போய்ப் பொழைச்சாலும் ஒருத்தரும் கேள்வி கேக்கக் கூடாது. இவ ஊட்டு நல்லது கெட்டதுக்கு ஊரே போகோணும்.”

தாமரைச்செல்வி திகைத்துப் போனாள். “அளக்காம உட்டிருந்தா?”

“எத்தனை தாள்ல கையெழுத்துப் போட்டாலும் இங்க நான் அவரு பொண்டாட்டிதானுங்க. வேற வாழ்க்கை கெடையாது” என்றாள் அம்சவேணி.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க சட்டத்தைத்தான் கேட்டீங்க. எதுக்குன்னு கேக்கலீங்களே.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என்ன கேட்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு ஏன் கேட்கிறார்கள் என்று பார் என்பதுதான் இந்தப் புது முறைக்கான பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே.

பூபதி சாமையை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனான். அம்சவேணி அவன் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா ஊட்டுல மரவள்ளிதானே போட்டிருக்காங்க? சாமைக்கு எங்க போனே?” என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

“நேத்து அவருதானுங்க அக்கா கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு.”